தொண்ணூற்றொன்பது நுண்ணங்கிகளின் மீள்குடியேற்றம்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு மேலே, கடல் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற ஒரு குறுக்குத் தெருவில் வசிக்கும் செல்வி லக்சனா இராகுலனின் வயிறு, யூன் மாதம் பன்னிரண்டாம் திகதி புதன்கிழமை காலை பதினொரு மணி தொடக்கம் அரசாங்கத்தின் கவனத்துக்கு உட்பட்டது. செல்விக்கு அப்போது வயது நாலும் இரண்டு மாதமும். அதற்கு முன்னர் அந்த வயிற்றைப் பற்றிக் கவலைப்பட்டவள் தாய் பிரசாந்தினி ஒருத்திதான். அவள் கவலைப்படுவதற்கு எந்தப் படிவமும் தேவைப்பட்டிருக்கவில்லை.

கதை வயிற்றில் தொடங்கவில்லை, காதில் தொடங்கியது. மாசியில் லச்சுவுக்கு (வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்) காதுக்குள் குத்து வலி. ஒரு போத்தல் பாணி மருந்து கொடுத்தார்கள். காது சுகமாகிப் பங்குனியில் தொண்டை பிடித்தது. இன்னொரு போத்தல். வருடப்பிறப்பு முடிந்த கையோடு மறுபடியும் காது. மூன்றாவது போத்தல், ரோசாப்பூ நிறம், வாழைப்பழ மணம். மூன்று போத்தல்களும் தத்தம் கடமையைச் செவ்வனே நிறைவேற்றி ஓய்வு பெற்றன. காது சுகம், தொண்டை சுகம். பிள்ளைதான் வேறு பிள்ளையாகி விட்டது. சோற்றைக் கண்டால் வாய் பூட்டிக்கொண்டது. வயிறு ஒருநாள் இளகியது, மூன்றுநாள் இறுகியது. பஸ் நிலையத்துப் பக்கம் திரியும் மான்களுக்குப் பின்னால் ஓடி ஓடிப் பெயர் வைத்த பிள்ளை, இப்போது தாயின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு காரணம் சொல்லத் தெரியாமல் அழுதது.

பிரசாந்தினி கொன்வென்டில் எட்டு வருடம் படித்தவள். நகமும் தலைமயிரும் சப்பாத்தும் சுத்தமாக இருந்தால் ஆன்மா தன்பாட்டில் சுத்தமாகிவிடும் என்று அங்கே கற்பித்திருந்தார்கள். ஆகவே பிள்ளைக்கு ஏதோ சரியில்லை என்று கண்டதும் அவள் சுத்தத்தைக் கூட்டினாள். தண்ணீரை இரண்டு தரம் கொதிக்க வைத்தாள். பொம்மைகளை அவித்தாள். கைப்பைக்குள் கைதுடைக்கும் திரவம் ஒரு போத்தல், அது முடிந்தால் என்று இன்னொரு போத்தல். துறைமுகத்தில் வேலை செய்கிற கணவன் இராகுலன் வீட்டுக்கு வந்தால், பிள்ளையைத் தூக்க முன்னர் அரைக் குளிப்பு. "கப்பலுக்குள்ள போறதுக்கும் இவ்வளவு சோதனை இல்லையப்பா," என்று சொல்லிக்கொண்டே அவன் குளித்தான்.

கிளினிக் கார்டில் கோடு இறங்கியது. பிள்ளையின் நிறையைக் குறிக்கிற அந்தக் கோடு பச்சையிலிருந்து வழுக்கிச் செம்மஞ்சளுக்குள் வந்து நின்றதைப் பார்த்த அன்றே பிரசாந்தினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் போனாள்.

டொக்டர் முனீப் மூன்று போத்தலின் பெயர்களையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, பிள்ளையிர வயித்துக்குள்ள ஒரு ஊர் இருந்தது. கோடிக்கணக்கில கிருமி. மருந்து கெட்டதைக் கலைக்கத்தான் போனது. ஆனா அதுக்கு ஆள் அடையாளம் தெரியாது. நல்லதையும் சேத்துக் கலைச்சுப்போட்டுது."

"சமிபாட்டுக்கு ஏதும் தருவீங்களா டொக்டர்?"

"சமிபாடு மட்டுமில்ல. பசி, நித்திரை, முகத்தில சிரிப்பு, இதுகளிலயும் அந்த ஊருக்கு ஒரு பங்கு இருக்கெண்டு இப்ப ஆராய்ச்சி சொல்லுது. எல்லாம் விளங்கிட்டுது எண்டு நான் சொல்லமாட்டன். வயிறும் மூளையும் ஓயாமக் கதைச்சுக்கொண்டு இருக்குதுகள் எண்டது மட்டும் தெரியும். இப்ப பிள்ளைக்கு வயித்துப் பக்கமிருந்து நல்ல செய்தி ஒண்டும் போகேல்ல போல."

"அப்ப என்ன மருந்து?"

"மருந்து வேண்டாம். எருமைத் தயிர். பழஞ்சோறு. மண்ணில விளையாட விடுங்க. சும்மா சும்மா கையைத் துடைக்காதீங்க."

அந்த நேரம் பிள்ளையின் கையைத் துடைத்துக்கொண்டிருந்த பிரசாந்தினி போத்தலை மெல்லக் கைப்பைக்குள் வைத்தாள்.

"அடுத்த மாசம் நிறுக்கேக்கையும் கோடு இறங்கினா வார்ட்டில வச்சுத்தான் பாக்கவேணும்," என்றார் டொக்டர். பிறகு அவளுடைய முகத்தையும் ஒருமுறை பார்த்தார். "நீங்களும் சாப்பிடுங்க. உங்கட ஊரிலயும் ஆள் குறைவு போலத்தான் கிடக்கு."

வார்ட் என்றால் ஊசி. ஊசி என்றால் நாலாவது போத்தல். எஞ்சியிருக்கிற ஊரும் கலைந்துபோகும். பிரசாந்தினி அதை வீடு வரும்வரை மனதுக்குள் சொல்லிச் சொல்லிக் கொண்டு வந்தாள்.

ஆனால் லச்சு வீட்டில் வாய் திறக்காது. தாய் கரண்டியோடு கிட்ட வந்தால், தாயின் முகத்தில் இருக்கிற பயத்தைப் பார்த்து அதுவும் பயந்து பல்லைக் கடித்துக்கொள்ளும். அது கொஞ்சமாவது சாப்பிடுவது பாலர் பாடசாலையில், பத்துமணி இடைவேளையில், மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்திருக்கும்போது மட்டும்தான். தயிர்சோறு போகவேண்டிய இடம் அதுதான்.

அங்கேதான் சிக்கல். அது நகரத்தின் முதலாவது கிருமியற்ற பாலர் பாடசாலை என்று வாசலில் பொன் எழுத்தில் பலகை தொங்கியது. பிள்ளைகள் நீல நிறத் தண்ணீரில் கால் நனைத்து உள்ளே போனார்கள். மண் விளையாடும் பெட்டியிலிருந்த மண் சுகாதாரக் காரணங்களுக்காக அகற்றப்பட்டு, மண்ணின் நிறத்தில் ஒரு ரப்பர் விரிப்பு போடப்பட்டிருந்தது. பிள்ளைகள் அதைச் சின்ன வாளியால் அள்ளப் பார்த்தார்கள்.

தலைமை ஆசிரியை லைலா டீச்சர் கெட்டவரல்லர். பிள்ளைகளின் பெயரோடு அவர்களுடைய பூனைகளின் பெயரும் தெரிந்தவர். அவர் டொக்டர் எழுதிக் கொடுத்த கடுதாசித் துண்டை இரண்டு விரலால் பிடித்து வாசித்தார்.

"பிரசாந்தினி, இதில 'உயிருள்ள கிருமிகள் அடங்கிய உணவு' எண்டெல்லோ எழுதிக் கிடக்கு."

"ஓம் டீச்சர். தயிர்தான்."

"தயிர் எண்டு எழுதியிருந்தா நான் கண்ணை மூடியிருப்பன். கிருமி எண்டு கடுதாசியில வந்தாப் பிறகு நான் என்னெண்டு வாசல் பலகைக்குக் கீழால அதை உள்ள விடுறது?"

"மற்றப் பிள்ளைகள் பிஸ்கட் கொண்டு வருகினம்தானே டீச்சர்."

"அது பக்கட்டில வருது. முடிவுத் திகதி அடிச்சிருக்கு. உங்கட தயிர் எத்தனையாம் திகதி முடியும்?"

பிரசாந்தினி யோசித்தாள். "அது முடியாது டீச்சர். இன்னும் கொஞ்சம் புளிக்கும்."

"பாத்தீங்களா," என்றார் லைலா டீச்சர் அனுதாபத்தோடு. "கொண்டு வரவேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல. அனுமதியோட கொண்டு வாங்கோ."

அனுமதி வழங்கும் அதிகாரம் உள்ளக நல ஒருங்கிணைப்பு அலகுக்கு இருந்தது. அந்த அலகு பிறந்த கதை சிறியது. உப்புவெளிக் கடற்கரை விடுதியொன்றில் உத்தியோகத்தர்களுக்கு மூன்று நாள் செயலமர்வு நடந்தது. மனிதனின் மனநிலையைக் குடலில் வாழும் நுண்ணங்கிகள் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று வளவாளர் ஒருவர் படம் போட்டுக் காட்டினார். கேட்டவர்கள் இறால் பொரியலோடு ஆழ்ந்து சிந்தித்து இரண்டு தீர்மானங்கள் எடுத்தார்கள். ஒன்று, இதற்கென ஓர் அலகு அமைப்பது. மற்றது, இன்னொரு செயலமர்வு வைப்பது.

அலகு திறந்த முதல் வாரத்திலேயே அதன் பயன் தெரிந்தது. கருமபீடத்துக்கு மேலே ஓர் அறிவித்தல் தொங்கியது:

"பொதுமக்களின் மேலான கவனத்திற்கு. இங்கு காத்திருக்கும்போது உங்களுக்கு ஏற்படும் கோபம் உங்கள் குடலிலிருந்து வருகிறது. அதற்கு உத்தியோகத்தர்கள் பொறுப்பாளிகள் அல்லர்."

அதன் கீழே வாங்கிலில் பன்னிரண்டு பேர் தங்கள் தங்கள் குடலை அடக்கிக்கொண்டு இருந்தார்கள். பிரசாந்தினி பதின்மூன்றாவதாக இருந்தாள்.

பொறுப்பு உத்தியோகத்தர் திருவாளர் அருளம்பலம் நல்ல நிறமும் நல்ல உடம்பும் உள்ளவர். அவள் உள்ளே போனபோது மேசையில் ஒரு மண்சட்டி இருந்தது. அவர் அதிலிருந்து எருமைத் தயிரை வெட்டிக் கோப்பையில் போட்டு, கித்துள் பாணி விட்டுக் கொண்டிருந்தார்.

"இருங்கோ பிள்ளை. என்ன விசயம்?"

அவள் சொன்னாள். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"தயிரா? உயிருள்ள கிருமியையா பாலர் பாடசாலைக்குள்ள கொண்டு போகப் போறீங்கள்?"

"சேர், நீங்கள் இப்ப சாப்பிடுறது..."

"இது அலுவலகப் பாவனைக்கு," என்று அவர் சட்டியைக் கடுதாசிக் கோவை ஒன்றினால் மூடினார்.

விண்ணப்பப் படிவம் என்று ஒன்று இருக்கவில்லை. புதிதாக அச்சிடுவதானால் கொழும்பு அனுமதிக்க வேண்டும், அதற்கு இரண்டு வருடம். ஆனால் அருளம்பலம் மனிதாபிமானம் உள்ளவர். எழுந்து போய் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு கட்டை இழுத்து எடுத்தார். இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பதியும் படிவம். இரண்டாயிரத்து ஆறில் அடித்தது. நாலாயிரம் மிச்சம்.

"கிருமியள் இருந்த இடத்தை விட்டு வெளியேறியிருக்கினம். திரும்பி வரவேணும். அதைக் கேக்கிற படிவம் இலங்கையில இது ஒண்டுதான். வீணாக்கக் கூடாது."

பிரசாந்தினிக்கு அந்தப் படிவத்தைத் தெரியும். யுத்தத்தில் சம்பூரிலிருந்து வெளியேறியபோது அவளுக்குப் பத்து வயது. முகாமில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று அவர் அதை நிரப்புவதைப் பார்த்தவள். இழந்த சொத்துக்கள் என்ற இடத்தில் அப்பா 'எல்லாம்' என்று எழுதினார். அதை ஏற்க ஏலாது, தனித்தனியாக எழுதவேண்டும் என்று சொல்லி வெட்டிப்போட்டார்கள்.

"குடும்பத் தலைவரின் பெயர்?" என்றார் அருளம்பலம்.

"கிருமிக்குத் தலைவர் இருக்கோ சேர்?"

"பிள்ளையிர பேரைப் போடுவம். உறுப்பினர் எத்தனை பேர்?"

"கோடிக்கணக்கில எண்டு டொக்டர் சொன்னவர்."

"ரெண்டு பெட்டிதான் இருக்கு. தொண்ணூற்றொன்பது எண்டு போடுறன். மிச்சப் பேரை இரண்டாம் கட்டத்தில பாப்பம். இடம்பெயர்ந்த காரணம்? யுத்தம், வெள்ளம், சுனாமி, வேறு."

"வேறு."

"நிரந்தர வதிவிடம்?"

"குடல்."

"சிறுகுடலா, பெருங்குடலா? பிரிவு வேற வேற."

"பெருங்குடல் சேர்."

"தற்போது தங்கியிருக்கும் இடம்?"

பிரசாந்தினி தலை குனிந்தாள். "மலகூடக் குழியில இருக்கும்."

"தற்காலிக நலன்புரி நிலையம்," என்று அழகான கையெழுத்தில் எழுதினார் அவர். "அங்க வசதி எப்பிடி?"

"எனக்குத் தெரியாது சேர்."

"திருப்தி எண்டு போடுறன். இனி, புதுசா வரப்போற கிருமியள் ஆர், எங்கயிருந்து வருகினம் எண்டு அத்தாட்சி வேணும். தயிர் குடுக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு மூண்டு பிரதியோட வாங்கோ."

"சேர், நிறுக்கிற நாளுக்கு இன்னும் நாலு கிழமைதான் கிடக்கு. பிள்ளை ஒண்டும் தின்னுதில்லை." அவளுடைய குரல் உயர்ந்துவிட்டது. "அதுக்குள்ள நான் எத்தனை தரம் வாறது?"

அருளம்பலம் பேனையால் கதவுக்கு வெளியே தொங்கிய அறிவித்தலைச் சுட்டிக் காட்டினார். பிரசாந்தினி தன்னுடைய குடல் சார்பில் மன்னிப்புக் கேட்டாள்.

மூன்றாம் பிரதியை வழியில் மான் தின்றுவிட்டது. மான் தின்றதற்குச் சாட்சிக் கடிதம் எடுக்க ஒரு கிழமை போயிற்று. அந்தக் கிழமை முழுவதும் லச்சு பாடசாலை முடிந்து வரும்போது வாயில் ஏதோ புளித்த மணம் வந்தது. பிரசாந்தினி அதை நோயின் மணம் என்று நினைத்தாள். பல்லை இரண்டு தரம் விளக்கி, நாக்கை வழித்து, அந்த மணம் போகும்வரை கழுவினாள்.

இரண்டாம் முறை அவளோடு தயிர்க்காரி சித்தி பரீதா வந்தார். சித்தி என்பது உறவுமுறை அல்ல, பெயர். கிண்ணியாவிலிருந்து காலை பஸ்சில் தயிர்ச்சட்டிகளோடு வந்து கடைத்தெருவில் விற்பவர். அருளம்பலத்தின் மேசைச் சட்டியும் அவருடையதுதான். அதனால் அவர் உத்தியோகத்தரை மரியாதையோடு, ஆனால் கடன்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இந்த உறைமோர் உங்களிட்ட எப்ப வந்தது?" என்று விசாரணை தொடங்கியது.

"இது என்ன கேள்வி சேர்? உம்மாட்டருந்து வந்த. உம்மாக்கு அவட உம்மாட்டருந்து. நேத்தையத் தயிர்ல ஒரு கரண்டி எடுத்து இண்டையப் பாலுக்கு ஊத்திற. அவ்வளவுதான்."

"பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் ஏதும்?"

"எருமைக்கே இல்ல."

"சொந்த இடம் கிண்ணியாவோ?"

"இல்ல, மூதூர். ரெண்டாயிரத்தி ஆறில ஓடி வரக்க உம்மா நகைப் பொட்டிய மறந்துட்டா. உறைமோர மட்டும் குட்டிப் போத்தல்ல ஊத்தி மடியில கட்டியிருந்தா. கேம்புல நிவாரணத்துக்குத் தந்த பால்மாவுல உறை போட்டுப் போட்டு அத உசிரோட வச்சிருந்தா."

அருளம்பலம் நிமிர்ந்தார். "முகாமில பதிஞ்சனீங்களோ?"

"ஆர?"

"கிருமியளை."

"எங்களையே ரெண்டாம் கிழமதான் பதிஞ்சாங்க."

அவர் கவலையோடு தலையாட்டினார். "அப்ப இவ்வளவு வருசமாப் பதிவில்லாமல் நடமாடியிருக்கினம்."

"நீங்களும் தினமும் திண்டுதானே இரிக்கீங்க."

"அது வேற," என்று சொல்லி அவர் அடுத்த கேள்விக்குப் போனார். "இனம்?"

கேட்டுவிட்டு அவரே பேனையைப் பின்னுக்கு இழுத்தார். அது சாதாரணப் பெட்டியல்ல. பிழையாகப் பதிந்தால் பாராளுமன்றம் வரைக்கும் போகும்.

"கேக்கக் கூடாதுதான். ஆனா ஒரு தமிழ்ப் பிள்ளையிர குடலுக்குள்ள திடீரெண்டு..." அவர் முடிக்கவில்லை.

"எழுதுங்க சேர்," என்றார் சித்தி பரீதா. "எரும மேயிற தம்பலகாமத்துல. மேய்க்கிறவர் தமிழ் ஆள். பால் எடுக்கிற நாங்க. கோடைக்குப் புல்லு இல்லாட்டிக் கந்தளாய்ப் பக்கம் சிங்கள ஆக்கள்ட வயல்ல உடுவம். அவங்க ஒண்டும் சொல்ற இல்ல. இதுல எந்தப் பொட்டிக்கிக் கோடு போடப் போறீங்க?"

அருளம்பலம் பேனையை வைத்துவிட்டார். அவருடைய கண் கலங்கியது. ஒரு சட்டித் தயிரில் மூவினம். செயலமர்வில் மூன்று நாள் தேடியும் கிடைக்காத சாமான்.

"பிள்ளை," என்றார் தழுதழுத்த குரலில், "இது உங்கட மகளின்ர வயிறில்லை. நாட்டின்ர வயிறு."

பிரசாந்தினிக்கு அப்போதுதான் உண்மையான பயம் பிடித்தது.

பயந்தபடியே நடந்தது. கோவை மேலே போனது. மேலே போன கோவைகள் திரும்பி வருவதில்லை என்ற நியதிக்கு மாறாக இது மூன்றே நாளில், ஒரு விழாவோடு திரும்பி வந்தது. 'நல்லிணக்கத் தயிர்' அறிமுக வைபவம். அலகுக்கு முன்னால் கொட்டகை, மங்கள விளக்கு, நாதஸ்வரம், றபான், மேளம். கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்து மேடையில் ஒரு கரண்டி தயிர் உண்பார். பிறகு முதலாவது போத்தலை அனுமதிக் கடிதத்தோடு செல்வி லக்சனாவின் தாயாரிடம் கையளிப்பார்.

பெரியவர் உண்ணும் எதிலும் கிருமி இருக்கக்கூடாது என்று இன்னொரு சுற்றறிக்கை இருந்தது. ஆகவே விழாவுக்கு முதல்நாள் பின்வளவில் ஒரு பெரிய அண்டாவை வைத்து, சித்தி பரீதாவின் இருபது சட்டித் தயிரையும் கொட்டிக் கொதிக்க வைத்தார்கள். அது திரைந்து கட்டி கட்டியாயிற்று. வடித்தார்கள், மறுபடியும் கொதிக்க வைத்தார்கள், போத்தலில் அடைத்தார்கள். போத்தலில் மும்மொழியிலும் இப்படி ஒட்டியிருந்தது: "உயிருள்ள நல்ல நுண்ணங்கிகள் நிறைந்தது. முற்றாகக் கிருமி நீக்கப்பட்டது."

"சேர், அவிச்சா அது செத்துப் போயிடுமெல்லோ?" என்று பிரசாந்தினி மெதுவாகக் கேட்டாள்.

"படிவத்தைத் திருப்பி வாசியுங்கோ பிள்ளை. உயிரோட இருக்கவேணும் எண்டு ஒரு இடத்திலயும் கேக்கேல்ல."

சித்தி பரீதா அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். வெறும் சட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, சும்மாட்டை எடுத்துத் தலையில் வைத்தார்.

"சேர், நாளையிலருந்து உங்களுக்குத் தயிர் இல்ல," என்றார். "பதிவில்லாத சாமான். உங்களுக்கு ஏதும் ஆயிட்டா?"

நிறுக்கிற நாள் வந்தது. விழாவில் கையளித்த போத்தலைப் பிரசாந்தினி பிள்ளைக்குக் கொடுத்திருக்கவில்லை; அனுமதிக் கடிதமும் அந்தப் போத்தலுக்கு மட்டும்தான். திறந்து மணந்து பார்த்ததில் அது ஈரச் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. லச்சுவைத் தராசில் ஏற்றிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கொன்வென்டில் படித்த செபங்களையும் கோணேசர் தேவாரத்தையும் பாரபட்சம் இல்லாமல் சொன்னாள்.

"எழுநூற்றைம்பது கிராம் ஏறியிருக்கு," என்றார் மருத்துவிச்சி. கோடு செம்மஞ்சளை விட்டு மேலே எழும்பியிருந்தது. லச்சு தராசில் நின்றபடி, வெளியே நின்ற மானைப் பார்த்து, "அம்மா, அது எங்கட சின்னக்கா," என்றது. பெயர் வைக்கத் தொடங்கியிருந்தது. பிரசாந்தினிக்கு அப்போதுதான் நினைவு வந்தது, பிள்ளை இரண்டு கிழமையாகக் காரணமில்லாமல் அழவில்லை. பயப்படுகிற அவசரத்தில் அதை அவள் கவனிக்கவில்லை.

அடுத்தநாள் பத்துமணிக்கு, பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்ற அறிவித்தலைத் தாண்டி, பிள்ளை அங்கே எதைத் தின்கிறது என்று பார்க்கப் பாலர் பாடசாலையின் பின்பக்கப் படலையால் அவள் போனாள்.

குசினிக்குப் பின்னால் வேம்பின் கீழே, பாடசாலையைக் கூட்டித் துடைக்கிற அன்னலட்சுமியக்கா சப்பாணி கட்டி இருந்தார். முன்னால் ஒரு தகரத் தட்டு. தட்டில் பழஞ்சோறு, சித்தி பரீதாவின் தயிர், நறுக்கிய சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய். எதிரே லச்சு, முழங்கால்வரை மண். மண்பெட்டியிலிருந்து அகற்றப்பட்ட மண் முழுவதும் அந்த வேம்பின் கீழேதான் கொட்டப்பட்டிருந்தது. பெரிய கை ஒன்றும் சின்னக் கை ஒன்றும் மாறி மாறி ஒரே தட்டுக்குள் போய் வந்தன. சற்றுத் தள்ளி மான் ஒன்று லச்சுவின் பிஸ்கட் பக்கட்டைக் காலி செய்துகொண்டிருந்தது.

பிரசாந்தினியைக் கண்டதும் அன்னலட்சுமிக்கு உயிர் போய் வந்தது.

"டீச்சரிட்ட சொல்லிப் போடாதேங்கோ பிள்ளை. வேலை போயிடும். ஒருநாள் நான் சாப்பிடேக்க வந்து பக்கத்தில குந்தினது. வாயைப் பாத்துக்கொண்டு இருந்தது. ஒரு பிள்ளை பாத்துக்கொண்டிருக்க என்னெண்டு நான் தின்னுறது? ஒரு மாசமா தினமும் வருது. தன்ர கையாலதான் தின்னும், ஊட்ட விடாது."

நன்றி சொல்லத்தான் பிரசாந்தினி வாயைத் திறந்தாள். காலில் விழவும் தயாராக இருந்தாள். ஆனால் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"இதுக்கு அனுமதி எடுத்தனீங்களா அக்கா?"

சொன்ன பிறகு அவளுக்கே கேட்டது. மான்கூட மெல்லுவதை நிறுத்தியது.

"எங்கயம்மா எடுக்கிறது?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார் அன்னலட்சுமி.

பிரசாந்தினி மண்ணில் அமர்ந்தாள். லச்சு தட்டைத் தாயின் பக்கம் தள்ளியது. பிரசாந்தினி கைப்பையைத் திறந்து திரவத்தை எடுத்தாள், பார்த்தாள், திரும்ப வைத்தாள். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டாள். மாசி மாதத்துக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது அன்றைக்குத்தான்.

இந்தக் கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் தாய்மாருக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருந்தது. அன்று பின்னேரமே கேள்வி வந்தது: "பிரசாந்தினி, லச்சுவுக்குக் கன்னமெல்லாம் வந்திருக்கு, என்ன குடுத்தனீங்கள்?" நாற்பத்திரண்டு தாய்மார் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அந்தக் குழுவில் லைலா டீச்சரும் இருந்தார். உண்மையைச் சொன்னால் நாளைக்கே வேம்பின் கீழ் தட்டு இல்லை, அன்னலட்சுமியக்காவுக்கு வேலை இல்லை, அடுத்த மாதம் கோடு கீழே. பிரசாந்தினி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, திருநீற்றையும் தொட்டுக்கொண்டு எழுதினாள்: "அலகில தந்த போத்தல்தான்."

விடிந்தபோது அலகுக்கு முன்னால் வரிசை துறைமுக வீதிவரை நின்றது. ஒரு கிழமையில் தம்பலகாமத்திலிருந்தும் மூதூரிலிருந்தும் வான் பிடித்து வந்தார்கள். பிள்ளைக்கு, புருசனுக்கு, பரீட்சை எழுதுகிற மகனுக்கு, நித்திரை வராத மாமிக்கு. நாலாயிரம் படிவமும் முடிந்துபோய்ப் படப்பிரதி எடுத்தார்கள். எல்லோரும் தொண்ணூற்றொன்பது என்றே நிரப்பினார்கள்.

அந்தக் கிழமைக் கடைசியில் பிரசாந்தினியின் கோவையில் ஒரு கையொப்பம் குறைவதாகக் கூப்பிட்டிருந்தார்கள். பத்தேகால் மணிக்கு அவள் போனாள். அருளம்பலம் பாதியாய் வற்றியிருந்தார். கண் உள்ளே போயிருந்தது. மேசையில் மண்சட்டி இல்லை, போத்தல்கள்தான் இருந்தன.

"பிள்ளை, ஒரு கதை கேக்கவேணும்," என்றார் குரலைத் தாழ்த்தி. "சித்தி பரீதா எனக்குத் தயிர் தாறதில்லை. மூண்டு கிழமையா இந்தப் போத்தலைத்தான் குடிக்கிறன். வயிறு பூட்டிக் கிடக்கு. நித்திரை இல்லை. ஆரைப் பாத்தாலும் எரிச்சல் வருது, சும்மா இருக்க அழுகை வருது. உங்கட பிள்ளைக்கு இது என்னெண்டு வேலை செய்தது?"

"இடம்பெயர்ந்த திகதி என்ன சேர்?" என்று பிரசாந்தினி கேட்டாள். கொன்வென்டில் படித்த அதே அடக்கமான குரல்தான்.

அவர் கையொப்பமிடுவதற்கு அவள் நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கு ஒருமுறை விரிந்தது, இன்னொருமுறை விரிந்தது. வெங்காயம். பச்சை மிளகாய். ஓரிரவு ஊறிய சோறு. எருமைத் தயிர்.

"எங்க?" என்றார் அருளம்பலம். அவ்வளவுதான் கேட்டார்.

இப்போது அன்னலட்சுமி அரைச் சுண்டு அரிசி கூடப் போடுகிறார். பாலர் பாடசாலையின் பின்வளவைப் பரிசோதிக்க ஒவ்வொரு நாளும் பத்துமணிக்கு அருளம்பலம் வருகிறார். பரிசோதனைக்கு உதவியாக லைலா டீச்சரும் ஒரு கோப்பையோடு வருகிறார். "இது அலுவலகப் பாவனைக்கு," என்று உத்தியோகத்தர் சொன்னதன் பிறகு அவருக்கும் ஆட்சேபனை இல்லை. வேம்பின் கீழ் ஐந்து பேர் சப்பாணி கட்டி இருக்கிறார்கள். லச்சுவின் கை இப்போது இரண்டு பெரிய கைகளைத் தாண்டித்தான் தட்டுக்குப் போகவேண்டும். மதிலுக்கு அப்பால் போத்தலுக்கு நிற்கிற வரிசையின் வால் தெரிகிறது. யாரோ யாரையோ தள்ளுகிறார்கள், யாரோ ஏசுகிறார்கள், ஒரு பிள்ளை வீரிட்டு அழுகிறது.

அருளம்பலம் விரலை வழித்து நக்கிவிட்டு, நிறைந்த மனதோடு அந்தப் பக்கம் பார்க்கிறார்.

"பாவங்கள்," என்கிறார். "என்ன கோபம் பாருங்கோ. குடல் சரியில்லை."

பிரசாந்தினி இன்னும் ஒரு பிடிக்குக் கையை நீட்டுகிறாள்.